சாசரில் கிடந்த பாயிண்ட்

நான் பைக்கில் போகும்போது பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் நிற்பதில்லை. இதனால் எங்கள் ஊரான கொல்லயில் தொடங்கி நெய்யாற்றின்கரை வரைக்கும் எனக்கு மண்டைக்கனக்காரன் என்று பெயர் உண்டு. மைத்துனன் ஒருவன் நாலு வருடமாகப் பேசுவதில்லை; அதை நான் பெரிய இழப்பாகக் கருதவில்லை என்பது வேறு விஷயம். காரணம் மண்டைக்கனம் அல்ல. உண்மையான காரணத்தைச் சொன்னால் இதைவிட மோசமான பெயர் கிடைக்கும் என்பதால் இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். நம்புவதும் சிரிப்பதும் உங்கள் இஷ்டம்.

பேய், ஆவி, மாடன், யட்சி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அதுவும் வீட்டுக்குள் இருக்கிற சாதாரண அவநம்பிக்கை இல்லை, மேடையேறிய அவநம்பிக்கை. நான் பிரகடனம் செய்துகொண்ட யுக்திவாதி, வடக்கே பகுத்தறிவுவாதி என்பார்களே, அது. எங்கள் ஊர் வாசகசாலையில் பேய் என்று ஒன்று ஏன் இருக்கமுடியாது என்பதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி, வந்திருந்த பதினோரு பேரில் நாலு பேரைத் தூங்க வைத்திருக்கிறேன். மிச்ச ஏழு பேர் சாயாவுக்காகக் காத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலுக்கு நான் குமாஸ்தா. ஊரெல்லாம் நூறு சி.சி. வண்டி வாங்கி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்று கல்யாணப் பந்தியில்கூடப் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு அப்போது பிடித்த பைத்தியம், அறுபதுகளில் பிறந்த முந்நூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்று. பெயர் சொல்லத் தேவையில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டால் முதுகைத் திருப்பிக்கொண்டே யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். பழைய வண்டிகளை இரும்புச் சாமான் வாங்குகிற ஆக்கிரிக்காரன் எடைபோட்டு, ஈயச் சட்டியோடும் பழைய பேப்பரோடும் சேர்த்துக் கொண்டுபோன நேரம். அவனுக்கு ஒரு நாள் முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி இருந்தது பொழியூர்க் கடற்கரையில், ரோசம்மை என்ற விதவையின் வீட்டு முற்றத்தில், தென்னோலைக்கு அடியில். அவருடைய புருஷன் செபஸ்தியான் படகு எஞ்சின் வேலை செய்தவர். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு, குத்தவைத்து என்னவோ சரிசெய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி அடித்து இறந்துபோனார். ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ரோசம்மை விலை பேசவில்லை. இரண்டு நிபந்தனைதான் வைத்தார்.

"மக்களே, வண்டிய என்ன வேணும்னாலும் செய்யும். அவருக்க நம்பரு மட்டும் சாகப்படாது. அந்த நம்பர வச்சுத்தான் இந்தக் கரையில அவர எல்லாருக்கும் அடையாளம்."

"சரி அம்மை."

"பின்ன, இதையும் கொண்டு போவும்" என்று அந்தோணியார் படத்துக்கு முன்னாலிருந்து ஒரு பீங்கான் சாசரை எடுத்துத் தந்தார். ஓரத்தில் நீலப் பூ. நடுவில் காய்ந்த மண்ணெண்ணெயில் ஒரு சிறிய இரும்புத் துண்டு கிடந்தது.

அதுதான் பாயிண்ட். வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு சின்ன உலோகப் பற்கள், சேர்ந்து சேர்ந்து விலகும். விலகும்போதெல்லாம் எஞ்சினுக்குள் ஒரு தீப்பொறி. பாயிண்ட் இல்லையென்றால் பொறி இல்லை. பொறி இல்லையென்றால் வண்டி வெறும் இரும்பு. கடற்கரையில் உப்புக்காற்று ஒரே ராத்திரியில் அந்தப் பற்களை அரித்துவிடும் என்பதால், செபஸ்தியான் தினமும் சாயங்காலம் பாயிண்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டு அந்தோணியாருக்கு முன்னால் வைத்துவிட்டு, காலையில் துடைத்து மாட்டுவாராம். கள்ளன் வந்தாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

"நீரும் அப்படியே செய்யும். ஒரு நாளும் தெற்றாம செய்யும்" என்றார் ரோசம்மை. கொல்லயிலில் கடல் காற்றும் கிடையாது, என் வீட்டில் அந்தோணியாரும் கிடையாது. ஆனாலும் வாக்குக் கொடுத்தேன். யுக்திவாதியின் வீட்டில் சாசருக்குக் கிடைத்த இடம் அடுக்களை ஜன்னல். என் மனைவி சரளாவுக்கு அன்றிலிருந்து சாம்பாரில் மண்ணெண்ணெய் மணத்தது.

பதினாலு மாதம். என் பள்ளிக்கூடத் தோழன் தங்கப்பன்தான் மெக்கானிக். கூலி வாங்கமாட்டான், பதிலுக்கு என் மானத்தை வாங்குவான். சீட்டுக்கு உறை தைத்துத் தந்தவர் குடை ரிப்பேர் செய்கிறவர். அதனால் மழை பெய்தால் சீட்டிலிருந்து வெள்ளம் அழகாக நாலு பக்கமும் வழியும். பெட்ரோல் டாங்கிக்கு மூடி, பால்பவுடர் டப்பாவின் மூடி. பச்சைப் பெயிண்ட், பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சியது. எல்லாம் சேர்ந்து பார்க்க வண்டி மாதிரி இருந்தது. ஓடாது என்பது ஒன்றுதான் குறை.

ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆனதில்லை. உதைப்பேன், அது திருப்பி உதைக்கும். ஒரு வாரம் நொண்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனபோது, வீட்டில் அடி விழுகிறது என்று வராந்தாவில் பேச்சு.

இதற்கிடையில் வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது. ஓடுகிற நிலையில் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் காட்டவேண்டும். இரண்டு தேதி வாங்கி இரண்டையும் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது தேதி, வருகிற திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. அதிலும் ஓடவில்லையென்றால் நம்பர் ரத்து. செபஸ்தியானின் அடையாளம் என் கையால் சாகும், வண்டியை ஆக்கிரிக்காரன் எடுப்பான், நான் பொழியூர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஞாயிறு மாலை கடைசியாக எல்லாவற்றையும் அலசினோம். தங்கப்பன் பாயிண்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தான், நான் சாசரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். காலையில் மாட்டுவதாக ஏற்பாடு.

காலையில் தங்கப்பன் வந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. மழை வருமா, ஆர்.சி. புத்தகம் எங்கே, ஹாரன் அடிக்குமா என்று ஓடிக்கொண்டிருந்தேன். வண்டியை ஏற்றிப் போக ஒரு டெம்போவுக்குச் சொல்லியிருந்தோம். அது வருவதற்கு முன்னால் ஒரே ஒரு உதை உதைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"எலே மக்கா, வேண்டாம். இன்னொரு கால் உனக்கு மிச்சம் உண்டா?" என்றான் தங்கப்பன்.

உதைத்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! இருமல் இல்லை, திக்கல் இல்லை, முதல் உதையிலேயே எடுத்துக்கொண்டது. தட்... தட்... தட்... என்று நிதானமாக, தூங்கி எழுந்த ஆள் மாதிரி. கோழியெல்லாம் பறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். நானும் தங்கப்பனும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டு நாற்பது வயதுக்காரர்கள் முற்றத்தில் குதித்ததைப் பார்த்து அவர் உள்ளே போய்விட்டார்.

"கேறு, கேறு! ஓஃப் ஆகுறதுக்கு முன்ன போயிருவோம்!" என்று தங்கப்பன் பின்னால் ஏறினான். டெம்போவை மறந்தோம். சரளாவிடம் சொல்லிக்கொள்ள மறந்தோம். பறந்தோம்.

காரக்கோணம் ரோடு திரும்புகிற வளைவில்தான் அது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், எஞ்சின் சத்தத்துக்கு மேலே, தெளிவாக, மூச்சு வாங்க ஓடிவருகிறவளின் குரல்.

"ஓய், நில்லும்! இத மறந்துட்டீரே!"

"எலே, யாரோ விளிக்குதா. உனக்க பெண்டாட்டியாக்கும்" என்றான் தங்கப்பன்.

"விளிக்கட்டு. நிறுத்தினா பின்ன ஸ்டார்ட் ஆகுமா?"

"நிறுத்தாத, நிறுத்தாத!"

நிறுத்தவில்லை. குரல் இன்னொரு தடவை கூப்பிட்டது, பிறகு பின்தங்கிப்போனது. ஆர்.சி. புத்தகத்தைத்தான் விட்டுவிட்டேனோ என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர், "ஓஃப் செய்யடோ" என்றார். தங்கப்பன் கைகூப்பினான். "வேண்டாம் சாரே. பதினாலு மாசம் தவம் கிடந்து கிட்டின சத்தமாக்கும்." அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடுகிற வண்டியிலேயே ஏறி, எட்டுப் போட்டுக் காட்டினார். டாங்கி மூடியை மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கையெழுத்து, சீல். நம்பர் பிழைத்தது. திரும்பும் வழியெல்லாம் தங்கப்பன் பின்னால் உட்கார்ந்து வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான், உண்மையான ஹாரன் அடிக்கவில்லை என்பதால்.

வீட்டு முற்றத்தில் வந்து அணைத்தேன். சரளா அகப்பையோடு வாசலில் நின்றாள்.

"இஞ்ச பாருங்க, அந்தக் கருமத்த இனி அடுக்களையில வச்சா நான் கிணத்துல போடுவேன்."

"எந்தக் கருமத்த?"

ஜன்னலைக் காட்டினாள். நீலப் பூ சாசர். மண்ணெண்ணெய். உள்ளே பாயிண்ட்.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே, "இதுக்குத்தான் வளைவு வரைக்கும் ஓடிவந்து கத்தினியா?" என்றேன்.

"நானா? நான் குளிமுறியில இருந்தேன். நீங்க போன சத்தமே அங்க இருந்துதான் கேட்டேன். எனக்கென்ன, தெருவுல ஓடுறதுக்குப் பைத்தியமா?"

தங்கப்பன் ஏற்கெனவே குனிந்து பாயிண்டுக்கு மேலே இருக்கிற மூடியைத் திறந்துகொண்டிருந்தான். திறந்தான். பார்த்தான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பாயிண்ட் உட்கார வேண்டிய இடம் காலி. இரண்டு திருகாணித் துளைகள் மட்டும்.

 பிறகு எழுந்து வண்டியை உதைத்தான். இருபது உதை, முப்பது உதை. ஒரு இருமல்கூட இல்லை. சாசரிலிருந்து பாயிண்டை எடுத்துத் துடைத்து மாட்டி உதைத்தான். இரண்டாவது உதையில் எடுத்துக்கொண்டது. யாரும் குதிக்கவில்லை.

இன்னொரு பாயிண்ட் உள்ளே இருந்திருக்கும் என்பீர்கள். என் கஞ்சத்தனம் உங்களுக்குத் தெரியாது. குறுக்கு விசாரணையில் நிற்கிற சாட்சியே வேண்டுமென்றால், ஓடுகிற நிலையில் கண்டேன் என்று அரசாங்க சீலோடு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு, பாயிண்டை மாட்டியிருக்கிறேனா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, பொழியூருக்குப் போனேன். சத்தம் கேட்டு ரோசம்மை முற்றத்துக்கு வந்து நின்றார். சீலைக் காட்டினேன். நம்பர் பலகையைக் கையால் தடவினார். சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சாசரில் கிடந்த பாயிண்ட், குரல், எல்லாம். ஒரு தமாஷ் மாதிரிதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ என்ன சொல்லி விளிச்சா மக்களே?"

"'ஓய், நில்லும், இத மறந்துட்டீரே'ன்னு."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீரு நிண்ணீரா?"

"இல்ல அம்மை. நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுன்னு..."

நெற்றியில் சிலுவை போட்டார். 

"அண்ணைக்கும் அவரு பாயிண்ட சாசருலதான் விட்டுட்டுப் போனாரு. வண்டி ஓடித்தான் போச்சு. எப்படின்னு யாரு கிட்ட கேக்க? நான் சாசரோட பின்னால ஓடி, இதே போலத்தான் விளிச்சேன்." என் கையை விட்டார். "அவரு நிண்ணாரு."

குத்தவைத்து அவர் சரிசெய்துகொண்டிருந்தது என்ன என்று நான் கேட்கவில்லை.

வண்டி இன்றும் என்னிடம் இருக்கிறது, அதே நம்பரோடு. வாக்குக் கொடுத்தபடி தினமும் சாயங்காலம் பாயிண்டைக் கழற்றி சாசரில் வைக்கிறேன், காலையில் மாட்டுகிறேன். மாட்டினேனா என்று இரண்டு தடவை பார்க்கவும் செய்கிறேன். அப்படியும் வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, அந்த வளைவில், பின்னாலிருந்து கூப்பிடுகிறது. நான் நிற்பதில்லை. யுக்திவாதியாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போய்ச் சாசரைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் நான் அந்த ஜன்னல் பக்கம் போவதில்லை. அதில் என்ன கிடக்கிறது என்று சரளாவும் சொல்வதில்லை.