மலைப்பாம்புக்குச் சளி

எழுபதுகளின் நடுவில் நானும் மனைவியும் மெல்பன் நோபல் பார்க்கில், ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அவர் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி மனிதர். முன்பக்கத்தில் அவரும், கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டிக்குள் ஆறடி நீள மலைப்பாம்பு ஒன்றும் வசித்து வந்தார்கள்.

அவரிடம் போவதற்கு முன்பு நான்கு வீட்டுக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்த்ததும், "இப்போதுதான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லியிருந்தார்கள். இவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பாம்பு இருக்கிறது, பரவாயில்லையா?" யானை இருந்தாலும் பரவாயில்லை என்றேன். மனைவி என் முழங்கையில் கிள்ளிய கிள்ளு ஒரு கிழமை நீலமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் அடைத்திருந்த சருகுகளை அள்ள ஏணியில் ஏறியவர், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றும்போதும் அவருக்குத் தன் இடுப்பைப் பற்றிக் கவலையில்லை.

"அவளைப் பார்த்துக்கொள். தண்ணீர் மட்டும் மாற்று. சாப்பாடு வேண்டாம், போன கிழமைதான் தின்றாள். பதினொரு வருஷமாக என்னோடு இருக்கிறாள்."

கதவு சாத்தப்பட்டது. நான் வீரனைப்போலக் கையசைத்தேன். உள்ளே போய் முதல் வேலையாகப் பெட்டியின் தாழ்ப்பாளை ஆறுதரம் சரிபார்த்தேன்.

பெட்டிக்குள் தகரக் கூடு போட்ட ஒரு பல்ப் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வெளிச்சத்தில் நித்திரை வராது. அந்த அப்பாவி ஜீவனுக்கு எப்படி வரும்? ஆகவே தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பல்பை அணைத்து, காலையில் வேலைக்குப் போகுமுன் போட்டுவிடுவேன். என் இரக்க குணத்தை நானே மெச்சிக்கொண்டேன். வெளியே புல்லில் உறைபனி விழும் காலம் அது.

ஒரு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நாதஸ்வரக் கசெற்றை முன்னறையில் போட்டேன். புன்னாகவராளி. பாம்பு மெல்லத் தலையைத் தூக்கியது. ஒரு சாண், பிறகு இரண்டு சாண். வாயைப் பாதி திறந்து, கூரையைப் பார்த்தபடி லேசாக ஆடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புன்னாகவராளிக்குப் பாம்பு வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் பொய்யில்லை! மொழி தெரியாத தேசத்தில், ராகம் தெரிந்த முதல் ரசிகை!

அந்த அறை வாசலை அதுவரை தாண்டியிராத மனைவி, நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உது ஆடுற மாதிரித் தெரியேல்லை. கொறு கொறு எண்டு இழுக்குது."

"சுருதி சேர்க்கிறா."

"மூக்கிலை நுரை தள்ளுதப்பா!"

"ஆனந்தக் கண்ணீர். பாம்புக்கு மூக்காலைதான் வரும் போல."

"உங்களுக்கு எல்லாம் பகிடிதான்" என்று சொல்லிவிட்டுக் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிழவர் காலில் எடை கட்டித் தூக்கியபடி படுத்திருந்தார். நான் அவருடைய பாம்பின் சங்கீத ஞானத்தை நடித்தே காட்டினேன், கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து. பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். இவர் சிரிக்கவில்லை.

"வாய் திறந்தபடியே இருக்கிறதா?"

"ஓம்."

"சத்தம் வருகிறதா? மூக்கில் குமிழி?"

"இரண்டும்தான்" என்றேன், பெருமையாக.

"பல்ப்?"

"பகல் முழுக்க எரியும். இரவில் அணைத்துவிடுவேன், நித்திரைக்கு."

அவர் எழும்ப முயன்றார். எடை குலுங்கியது. தாதி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"அவள் ஆடவில்லை. தலையைக் கீழே வைத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் தூக்கி வைத்திருக்கிறாள். பாம்புக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது. குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது." பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டு, "பல்பைப் பற்றி உன்னிடம் சொல்லாதது என் பிழை" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு ஓடிவந்து பல்பைப் போட்டேன். எங்கள் அறையிலிருந்த சின்ன ஹீற்றரைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பாம்புக்குக் கீழே விரித்து ஈரமாயிருந்த கடதாசிகளை நீண்ட கரண்டியால் இழுத்தெடுத்து, காய்ந்ததைப் போட்டேன். மறுநாள் காலை, டண்டினோங்கில் இருந்த மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். நோயாளியின் விவரம் கேட்டார்கள். பதற்றத்தில், "பெண், பதினொரு வயது, ஆறடி, கை கால் இல்லை" என்றேன். மறுமுனையில் இன்னொருதரம் சொல்லச் சொன்னார்கள்.

மனைவியின் தலையணை உறைக்குள் பாம்பு போனது. யார் போட்டது என்று கேட்காதீர்கள். நான் கதிரைமேல் நின்று ஆலோசனை சொன்னேன். மனைவி போட்டாள். வெந்நீர்ப் பையைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மடியில் ஏந்தியபடி அவளே காரில் உட்கார்ந்து வந்தாள்.

வைத்தியர் சந்தை மாடுகளுக்கு ஊசி போட்டுப் பழகியவர். பாம்பின் வாயைத் தட்டையான குச்சியால் திறந்தார். உள்ளே கஞ்சி போலச் சளி. மிருகக்காட்சிசாலையில் வேலை செய்யும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு அளவு கேட்டுக்கொண்டார். ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டுமாம்.

"தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார் என்னைப் பார்த்து.

என் கைகள் புன்னாகவராளிக்கு ஆடத் தொடங்கின.

"தள்ளுங்கோ அங்காலை" என்று மனைவி முன்னால் வந்தாள். "ஊரிலை அக்காவின்ரை பிள்ளையளுக்கு ஊசி போடேக்கை பிடிச்சனான்தானே." பிடித்தாள். நான் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைக் கவனமாகப் பார்த்தேன்.

"பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"சூடாக வைத்திருங்கள். மூன்று நாளைக்கொருமுறை கொண்டுவாருங்கள். வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அந்த நாட்களில் வேலை முடிந்து வந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியில் காதை வைப்பேன். கொறு கொறு. மாலையில் ஆஸ்பத்திரியில் அவர் வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டார். என் முகத்தையே பார்ப்பார். "அப்படியேதான்" என்பேன். தலையாட்டுவார். தட்டில் சாப்பாடு தொடாமல் இருக்கும். எங்களுக்குக் கதவு திறந்த மனிதரை வெறும் வீட்டுக்குத் திரும்ப வைத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு நெஞ்சில் சளியாகக் கட்டியது.

நான்காவது ஊசிக்கு மறுநாள் காதை வைத்தேன். சத்தமே இல்லை. தலை சுருளின்மேல் தளர்ந்து கிடந்தது.

"ஐயோ, போயிட்டுதப்பா! போயிட்டுது!"

மாக் கையோடு ஓடிவந்த மனைவி என்னை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என்னத்துக்குக் கத்துறியள்? வாய் மூடியிருக்கு. நல்லாத்தான் மூச்சு விடுறா. வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். இரட்டை நாக்கு ஒன்று வெளியே வந்து, என் திசையில் இரண்டு தரம் அசைந்துவிட்டு உள்ளே போனது. பாம்புக்குக் காது மந்தமாம், நான் இழவுக்கு ஆள் கூப்பிட்டதைக் கேட்டிருக்க வழியில்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. படிகளில் ஓடியதில் எனக்குத்தான் மூச்சு இழுத்தது.

"தலையைக் கீழே வைத்துப் படுத்திருக்கிறாள்" என்றேன். "சத்தம் இல்லை. குமிழி இல்லை. வாய் மூடியிருக்கிறது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாதி வந்து, நேரமாகிவிட்டது, புறப்படுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் எழும்பினேன்.

கண் திறக்காமலே என் கோட்டுக் கையைப் பிடித்து, "இவன் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.