விசிறிக்குப் பக்கத்தில் ஒரு விமானம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் சூடாவது காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன. எழுமலையில் என் தங்கை மகளுக்கு அன்று பூ வைக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து தட்டு மாற்றி, பெண்ணின் தலையில் பூ வைத்து உறுதி செய்துவிட்டுப் போகும் நாள். அந்தச் செய்தி எனக்குத் தெரிந்ததே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில்தான். தங்கை மகன் ஒரு படம் போட்டிருந்தான். வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. கீழே, "இன்று பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் அக்காவுக்குப் பூ வைக்கிறோம், அனைவரும் வருக" என்று ஒரு வரி.

அனைவரும். அந்த அனைவரில் நானும் ஒருவனாம்.

நான் தாய்மாமன். தங்கைக்கு உடன்பிறப்பு என்று இருப்பது நான் ஒருவன்தான். எங்கள் வழக்கத்தில் பூ வைக்கிற அன்று பெண்ணை உள்ளேயிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து சபையில் உட்கார வைப்பது தாய்மாமன். அதன் பிறகுதான் தட்டை எடுப்பார்கள். அதற்கு அவனைத் தனியாக அழைக்க வேண்டும். வீடு தேடி வரலாம், அவசரமென்றால் போனில் பேசி அழைக்கலாம். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்தப் பிள்ளையே என்னிடம் சொன்னாள்: "மாமா, கூட்டத்தப் பாத்தா எனக்குக் கை நடுங்கும். நீங்க கெட்டியாப் புடிச்சுக்கணும்." நான் ஒரு அலுவலகத்தில் முப்பது பேரை மிரட்டி வேலை வாங்குகிறவன். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

"கூப்புட்டுருப்பாகங்க. நீங்க கவனிச்சுருக்க மாட்டீக" என்றாள் என் மனைவி.

"போனு ராத்திரியிலேருந்து என் கையிலதான இருக்கு. ஒரு மிஸ்டு கால் இருக்கா பாரு."

வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவளுடைய போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய், வெள்ளிக்கிழமையிலிருந்து பழங்காநத்தத்தில் ஒரு ரிப்பேர் கடையில் கிடந்தது. ஆக, எங்கள் கே.கே. நகர் வீட்டில் அன்று இருந்தது என் போன் ஒன்றுதான்.

"மேல என்னங்க பிளேன் படம் போட்டிருக்கு? குச்சியெல்லாம் எங்க போச்சு?" என்று அவள் திரையின் உச்சியைக் காட்டினாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. இருக்கிற வேதனையில் இவளுக்குப் பாடம் வேறு எடுக்க வேண்டுமா? "விசிறி முழுசா இருக்கா? அதான் வைஃபை. வைஃபை இருக்கும்போது குச்சி எதுக்கு? அது தானா ஒதுங்கிக்கும். வாட்ஸ்அப்புல படம் வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்ன?"

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். திரையின் உச்சியில் இருக்கும் அந்தப் பொடிப் படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி வீட்டில் நடந்துகொண்டிருந்தேன். விசிறி நிறைந்திருந்தால் வீட்டு நெட். குச்சிகள் நிறைந்திருந்தால் டவர். மேலும் கீழும் இரண்டு அம்பு துடித்தால் ஏதோ போய் வருகிறது. மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் நடந்தது இதுதான். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரே வைத்தியம், "பிளேனப் போட்டு எடு." நானும் மேலிருந்து திரையை இழுத்து விமானப் படத்தை அமுக்கினேன். எல்லாம் அணைந்தது, விசிறியும் போய்விட்டது. அதைக் கண்டதும் விசிறியை ஒரு அமுக்கு அமுக்கினேன். விசிறி வந்தது, வாட்ஸ்அப் வந்தது. சரியாகிவிட்டது என்று போனை மேஜையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். போட்ட விமானத்தை எடுக்க வேண்டும் என்பது புத்தியில் இல்லை.

ஒன்பது மணிக்கு அடுத்த படம் வந்தது. கூடத்தில் ஒன்பது தட்டுகள் வரிசையாக. பழம், பூ, தேங்காய், சேலை. தங்கையின் கை மட்டும் ஒரு ஓரத்தில் தெரிந்தது, பூவைச் சரிசெய்துகொண்டு. அந்தக் கைக்கு ஒரு போனை எடுக்க நேரமில்லையா?

"நீங்க ஒரு போன் போட்டா என்னங்க குறைஞ்சுரும்? உங்க தங்கச்சிதான" என்றாள் மனைவி.

"நானா? நான் போன் போட்டு, ஏம்மா என்னைய அழைக்க மறந்துட்டியான்னு கேக்கணுமா?"

"இப்படியே வீம்பு பிடிச்சுத்தான் அவுக வீடு பால் காய்ச்சுனப்பவும் போகல."

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். நாலு வருஷத்துக்கு முந்தைய கதை அது. எழுமலையில் தங்கை புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வாட்ஸ்அப்பில் அழைத்தால் நான் வந்துவிடுவேனா என்று குதித்து, போனை அணைத்து பீரோவுக்குள் வைத்தேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. அப்புறம் தங்கை அழுதுகொண்டு வந்து கேட்டபோது, "சார்ஜு ஏறல, போனு கெட்டுப்போச்சும்மா" என்று கூசாமல் சொன்னேன். அவள் நம்பிய மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மனைவியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், கறி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அரை மணி நேரம் நின்றேன். நிற்கும்போதெல்லாம் போனை எடுத்துக் குரூப்பைப் பார்த்தேன். புதுப் படம் எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் போல, படம் போட ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் முறை வந்ததும் கடையில் ஒட்டியிருந்த அட்டையை ஸ்கேன் செய்தேன். சுற்றியது. மறுபடி செய்தேன். சுற்றியது.

கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "எப்படிண்ணே போகும்? பிளேன் மோடுல போட்டு வச்சுருக்கீகளே."

"வைஃபை இல்லாததால காட்டுதோ?"

"அது வேறண்ணே. வீட்ல வைஃபை இருந்தா வாட்ஸ்அப்பு ஓடும். ஆனா ஒரு போன் உள்ள வராது, வெளிய போகாது. கூப்புடுறவுகளுக்கு ஸ்விட்ச் ஆஃப்னுதான் சொல்லும்."

திரையின் உச்சியைப் பார்த்தேன். விசிறி இல்லை. குச்சி இல்லை. குச்சிகள் இருக்க வேண்டிய இடத்தில் அந்த விமானம் மட்டும் தனியாக நின்றது. திரையை இழுத்து அதை அமுக்கினேன். இரண்டு குச்சி எழும்பியது, மூன்று, நான்கு. உடனே மெசேஜ்கள் வந்து விழத் தொடங்கின. தங்கை எண்ணிலிருந்து பதினேழு அழைப்பு. முதல் அழைப்பு சனிக்கிழமை ராத்திரி ஏழேகாலுக்கு. கடைசி அழைப்பு அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, நான் இந்தக் கடைக்குக் கிளம்பிய நேரத்துக்கு.

கறியை வாங்காமல் வண்டியைத் திருப்பினேன். வீட்டு வாசலிலேயே ஹாரன் அடித்து மனைவியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு, எனக்கு ஒரு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அப்போது மணி பத்தரை. பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். எழுமலைக்கு எப்படி ஓட்டினாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போனை அவளிடம் கொடுத்து, கூப்பிட்டுக்கொண்டே வரச் சொன்னேன். காளவாசல் சிக்னலில் முதல் தடவை. தங்கை வைத்திருப்பது பட்டன் செல். அது மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலங்க."

"மறுபடி போடு."

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன். வண்டியப் பாத்து ஓட்டுங்க."

தங்கை மகன் எண்ணைப் போடச் சொன்னேன். பிஸி. நாகமலை தாண்டியும் பிஸி. செக்கானூரணியில் ஒரு பஸ்ஸை முந்தும்போது அவன் எடுத்துவிட்டான். மனைவி என் காதோரம் போனைப் பிடித்தாள். "மாமா, எங்க இருக்கீக? அப்பா..." என்றான். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. "வந்துக்கிட்டே இருக்கேன்டா, நிறுத்தி வைக்கச் சொல்லு" என்று கத்தினேன். அதற்குள் லைன் போய்விட்டது. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

அதன் பிறகு அந்தச் சாலை முழுக்க என் மனைவி திரையின் உச்சியைப் படித்துக்கொண்டே வந்தாள். காலையில் அவள் கேட்டு நான் எரிந்து விழுந்த அதே விஷயத்தை, இப்போது நானே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"குச்சி எம்புட்டு இருக்கு?"

"ரெண்டு."

"இப்ப?"

"ஒண்ணு. 5ஜி போயி 4ஜின்னு காட்டுது."

"போடு, போடு."

"போகலங்க. சுத்துது."

உசிலம்பட்டியில் குச்சிகள் நிறைந்தன, ஆனால் அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. உசிலம்பட்டியைத் தாண்டி எழுமலைச் சாலையில் திரும்பியதும் ஒன்றாகக் குறைந்தது. அப்புறம் குச்சி மேல் ஒரு பெருக்கல் குறி விழுந்துவிட்டது என்றாள். மணி பதினொன்று நாற்பது. இரண்டு பக்கமும் காய்ந்த வயல். எதிர்க்காற்றில் கண் எரிந்தது. எதிரில் மாட்டு வண்டி, டிராக்டர், ஆட்டுக்கூட்டம், எல்லாம் அன்றைக்கென்று வந்தது. பின்னால் அவள் அழுவது எனக்குத் தெரிந்தது.

"அந்தப் புள்ள வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும்ங்க" என்றாள். ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பன்னிரண்டு பத்து. பந்தலுக்குள் சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. கூடத்தில் அந்தப் பிள்ளை தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், தோளில் புதுத் துண்டோடு, என் பெரியப்பா மகன் நின்றுகொண்டிருந்தான். தாய்மாமன் முறைக்கு அவனைக் கைப்பிடிக்க வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவன் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் அவள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

தங்கையின் கணவர் எழுந்து வந்தார். "வாங்க மச்சான். சாப்புடுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. வெளியாளிடம் பேசும் மரியாதை இருந்தது. கோபப்பட்டிருந்தால் நான் காலில்கூட விழுந்திருப்பேன்.

தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். அவளைச் சுவரோரம் கூட்டிப்போய்ச் சொன்னேன். "போனு பிளேன் மோடுல கிடந்துருச்சும்மா. சாமி சத்தியமா எனக்குத் தெரியல."

"பதினொன்னே முக்கால் வரைக்கும் பாத்தோம்ணே. நடுவுல உன் போன் வந்து, ஒண்ணும் கேக்காமக் கட்டாயிருச்சு, திருப்பிப் போட்டா கிடைக்கலன்னு மகன் சொன்னான். அணைச்சு வச்சுருக்காரு, இனி வர மாட்டாருன்னு இவுக சொன்னாக. நேத்தே மகன் உனக்குத் தனியா மெசேஜ் போடுறேன்னான். நான்தான் வேணாம்னுட்டேன். வாட்ஸ்அப்புல அழைச்சா உனக்குப் பிடிக்காதே."

"அணைச்சு வைக்கலம்மா."

"போன தடவை சார்ஜு ஏறலன்ன" என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. நினைவு வந்ததைச் சொன்னாள்.

அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? போனை எடுத்து நீட்டினேன். உச்சியில் ஒரு குச்சியும் பேட்டரியும்தான் இருந்தன. விமானத்தைத்தான் நானே எடுத்துவிட்டேனே, காட்டுவதற்கு என்ன இருக்கிறது? "பாரு, இந்த இடத்துலதான் ஒரு பிளேன் படம் வரும். அது இருந்தா போனே வராது. சின்னதா இருக்கும், கண்ணுக்கே தெரியாது. இரு, காட்டுறேன்" என்று திரையை இழுத்து அந்தப் படத்தை அமுக்கினேன். குச்சி அணைந்தது. விமானம் வந்து நின்றது. "இதுதாம்மா. இதுதான் கிடந்துச்சு."

தங்கை கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். பிறகு அதன் மேல் இருந்த என் விரலைப் பார்த்தாள்.

"இதையும் நீதானண்ணே அமுக்குன" என்றாள். உள்ளே திரும்பி, அண்ணனுக்கும் மதினிக்கும் இலை போடச் சொன்னாள்.