ரேடியேட்டருக்குத் தம் போட்ட நாள்

பிரியாணி தேக்சாவின் மூடியோரத்தில், ஆவி போகாமல் தம் போடப் பூசிய மாவு ஒரு விரலகலத்துக்கு விரிசல் விட்டு, ஆவி சீறிக்கொண்டிருந்தது. மாமா ஈரத்துணிக்குள்ளிருந்து மைதா மாவைக் கொஞ்சம் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, அந்த இடத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். சீறல் நின்றது. அதே நேரம் வேனின் முன்பக்கத்திலிருந்து இன்னொரு சீறல் வந்துகொண்டிருந்தது. நான் இதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன், மறுபடியும் மாமாவின் கையிலிருந்த மாவைப் பார்த்தேன். யோசனை மெல்ல மெல்லத்தான் வரும் என்பவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு அது தும்மல் மாதிரி வந்தது. அன்றைய மாவில் ஒரு துண்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஓடு போல இறுகி, ஒரு பக்கம் மாமாவின் விரல் தடமும் மறுபக்கம் ரேடியேட்டரின் வரிவரியான தடமுமாக, வேனில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக ஏறுகிறவர்கள் ஏதோ பூமியிலிருந்து தோண்டி எடுத்தது என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "பிரியாணி மாவு" என்பேன். நம்ப மாட்டார்கள். அப்புறம் மாமியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

மாமி என் அம்மாவுடைய அண்ணனின் மனைவி. மாமா திருவண்ணாமலையில் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிற மாஸ்டர். வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, பந்தி முடிந்து பாத்திரம் கழுவுவது வரை மாமி கூடவே நிற்பார். வாடகை மினி லாரியில் தேக்சாக்களை ஏற்றிக்கொண்டு போவதில்தான் அவருக்குச் சலிப்பு. லாரி வரும்வரை வாசலில் நின்று காத்திருக்கவேண்டும், வந்தபிறகு குலுக்காமல் போகச் சொல்லிக் கெஞ்சவேண்டும். நாற்பது வயதுக்குமேல் டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, ஏதோ ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று தள்ளிய மஞ்சள் நிற டீசல் வேனை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுத்தான் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னார். மாமா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "இன்னா இது, வந்ததும் வராததுமா அழுவுது?" என்றார்.

அந்த ஒழுக்கை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒரு மெக்கானிக் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். சில நாளில் பக்கத்தில் விட்டது. இன்னொருவர் மஞ்சள்தூள் போட்டால் அடைந்துவிடும் என்றார். போட்டோம். மஞ்சள் வேனிலிருந்து மஞ்சள் தண்ணீராகச் சொட்டியது, அவ்வளவுதான். மாமி அதற்கெல்லாம் முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை. வேனைச் சரியாகக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில், சொட்டு வேரில் விழும்படி நிறுத்துவார். அந்தச் செடி எங்கள் தெருவிலேயே எதற்கும் இல்லாத செழிப்போடு வளர்ந்தது. "வண்டின்னா ஒழுவத்தான் செய்யும். வேல செய்யறப்ப நமக்கு வேர்க்கலயா?" என்பார். நான் அப்போது மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வேனுக்குள் தலையை விட்டுவிடுவேன். நாங்கள் இரண்டு பேரும் கரியும் கிரீசுமாக நிற்பதைப் பார்த்து மாமா, "டீசல்ல ஓடுற வண்டி பாத்திருக்கேன். தண்ணியில ஓடுறது இது ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே போவார்.

செங்கத்தில் ஒரு கல்யாணம். மாமி தானே பேசிப் பிடித்த முதல் ஆர்டர் அது. தன் வேனிலேயே கொண்டுபோகவேண்டும் என்று நின்றார். மாமா கடைசியில் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "இந்த ஒரு தடவ. பந்தி நேரத்துக்குப் போய்ச் சேரலன்னா நாளைக்கே வண்டிய எடைக்குப் போட்டுடுவேன். அப்புறம் நீ பேசவே கூடாது." மாமி, "சரிங்க" என்று ஒரே வார்த்தையோடு விட்டுவிட்டார். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் பயப்படவேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் வேனை எடைக்கடைத் தராசில் கற்பனை செய்து பார்த்து, அன்று கூடவே போவது என்று முடிவு செய்தேன்.

நாங்கள் செய்த தவறு வேறு எந்த ஊர்க்காரர்களுக்கும் வாய்க்காது. பெண் வீட்டார் பிறை பதினான்கில் நிக்காஹ் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்த நாளைப் 'பிறை பதினாலு' என்றே பேசிக்கொண்டிருந்தோம். கடை திறப்பதும் பஸ் மாறிப் போவதும் ரூம் கிடைக்காமல் போவதும் பௌர்ணமியை வைத்துத்தான் என்று இருக்கிற ஊரில், தலைமுறை தலைமுறையாக மலையடியில் குடியிருக்கிற குடும்பத்தில், இரண்டும் ஒரே நிலா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை நெருங்கும்போது ரோடு முழுக்க வெறுங்காலோடு பௌர்ணமிக் கிரிவல ஜனம். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பொறயப் பாத்து கல்யாணம் வெச்சாங்க. பொறயப் பாத்து ஊரே நடக்க வந்துடுச்சு!" மாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இருக்கறதே ஒரு நெலாதானேங்க, நான் இன்னா பண்றது?"

பழைய வண்டிக்கு ஓடுவது கஷ்டமில்லை, ஊர்வதுதான் கஷ்டம். காற்று முகத்தில் அடிக்காமல் ரேடியேட்டர் எப்படி ஆறும்? முதல் கியரிலேயே நகர்ந்துகொண்டிருந்தோம். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. கிரிவலப் பாதை செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்புகிற முக்குக்குச் சற்று முன்னால், வேன் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு வெள்ளையாகப் புகைந்தது. மாமி ஓரத்தில் ஒரு டீக்கடையை ஒட்டி நிறுத்தி என்ஜினை அணைத்தார். நிறுத்திய குலுக்கலில்தான் பின்னால் தேக்சாவின் மாவு விரிசல் விட்டது. இப்போது இரண்டு இடத்தில் ஆவி. மாமாவுக்கு முன்பக்கத்து ஆவி கண்ணிலேயே படவில்லை. கிரிவலம் போகிற கூட்டத்தின் நடுவில் மட்டன் பிரியாணி வாசனையைத் திறந்துவிட்டோமே என்று அவர் கூசிப்போய்விட்டார். நெற்றி நிறைய விபூதியோடு போன ஒரு பெரியவர் நின்று மோப்பம் பிடித்தார்.

"இன்னா பாய், கல்யாணமா?"

"ஆமாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, வண்டி நின்னுடுச்சு. இதோ மூடிடறேன்."

"மூடுங்க மூடுங்க. நான் இன்னும் பாதி மலகூட சுத்தல, இப்பவே மனசு அலபாயுது" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. மாமா அவசர அவசரமாக மாவைக் கிள்ளி ஒட்டியது அப்போதுதான். எனக்குத் தும்மல் வந்ததும் அப்போதுதான்.

"மாமா, அந்த மாவ ரேடியேட்டர்ல வெக்கலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. மீதி இருந்தது ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஓர் உருண்டை. செங்கம் போவதற்குள் வேறொரு தேக்சா விரிசல் விட்டால் அதற்கு வேண்டும். தம் உடைந்தால் சோறு விறைத்துவிடும், அது அவர் மானப்பிரச்சினை. வண்டி போகாவிட்டால் சோறே போகாது, அது மாமியின் மானப்பிரச்சினை. மாமி கையை நீட்டினார். "பாதி குடுங்க. உங்க பாதி உங்களுக்கு, என் பாதி எனக்கு." அதோடு நிற்காமல் பாத்திரம் கழுவக் கொண்டுவந்த சோப்புக்கட்டியை எடுத்து, கத்தியால் சீவி மாவோடு பிசையத் தொடங்கினார். டீசல் டேங்க் ஒழுகினால் லாரிக்காரர்கள் சோப்பு வைப்பதை அவர் பார்த்திருக்கிறார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். "தம் மாவுல சோப்பா! யா அல்லா, இதெல்லாம் நான் பாக்கணுமா?" ஆனால் நானும் மாமியும் மாற்றி மாற்றி அப்பிப் பார்த்துச் சூட்டில் கையை உதறிக்கொண்டதும், அவராலேயே பொறுக்க முடியவில்லை. "தள்ளுங்க, மாவ ஒட்டத் தெரியாதவங்கல்லாம்..." என்று குனிந்து, ஒழுகிய இடத்தைத் துணியால் துடைத்து, ஒரே இழுப்பில் அழகாக ஒட்டிவிட்டார். முப்பது வருஷத்துக் கை. தண்ணீர் ஊற்றினோம். மாமி என்ஜினைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒரு சொட்டில்லை. நான் கைதட்டப் போனேன். பட்டென்று மாவு பிய்ந்து டீக்கடை பெஞ்சில் போய் விழுந்தது.

மூடியைப் பார்த்தேன். நான் பாதித் திருகலில் விட்டிருந்த ரேடியேட்டர் மூடி இறுக்கமாக முடுக்கியிருந்தது. "யார் இத முடுக்கினது?" என்றேன். "நான்தான்" என்றார் மாமா, பெருமையாக. "மூடி லூசா இருந்துச்சு. மூடிய தொறந்து வெச்சா தம் எப்படிம்மா நிக்கும்?" மாமி ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துப் பதறிப் பக்கத்தில் போனால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. வாழ்நாள் முழுக்க ஆவியை உள்ளே அடக்கி வைத்தே பேர் வாங்கிய மனிதரிடம், இங்கே ஆவியை வெளியே விட்டால்தான் மாவு நிற்கும் என்று சொல்வது எப்படி? அதிகம் படித்த பெருமையில் நான் அழுத்தம், கொதிநிலை என்று ஆரம்பித்தேன். மாமி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "என்னங்க, இது தம் இல்ல, டீக்கெட்டில். மூடி ஆடிக்கினே இருக்கணும்" என்றார். மாமா ஒரு கணம் யோசித்தார். தலையை ஆட்டினார். அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஈரத்துணியைப் பிரித்து, தன் பாதியை எடுத்து மாமியின் கையில் வைத்தார். "தேக்சா தாங்கும். நீ பாத்து ஓட்டு."

என்ஜின் ஆறும்வரை நின்றோம். மாமாவே மறுபடியும் குனிந்து மாவை ஒட்டினார். இந்த முறை மூடி பாதித் திருகலில். கேன்களில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. டீக்கடை அம்மா ஒரு குடம் கொடுத்தார். அதுவும் போதவில்லை. தெலுங்கு பேசிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் நின்று, என்னவென்று சைகையில் கேட்டது. கையிலிருந்த பாட்டில்களைத் திறந்து ஒவ்வொருவராக ஊற்றினார்கள். கடைசியாக ஊற்றிய பெண் மலையை ஒரு தரம் பார்த்து, பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கி, அபிஷேகம் மாதிரி நிதானமாக ஊற்றினாள். அடியில் முன்பு சொட்டித் தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டி விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் தடுக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து, வண்டியை எடுக்கச் சொல்லி அதட்ட வாயைத் திறந்தவர், மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "எங்க போவுது இந்த வாசன?" என்றார். செங்கம் என்றதும் கூட்டத்தை ஒதுக்கி வழி விட்டார்.

முக்கைத் தாண்டியதும் ரோடு காலி. காற்று முகத்தில் அடித்தது. முள் மெதுவாக இறங்கியது. மாமி பள்ளம் மேடு பார்த்து, குழந்தையைத் தூளியில் போட்டு எடுத்துப்போவது போல ஓட்டினார். மாமா பின்னால் தேக்சாவைக் கட்டிப்பிடித்தபடி, "மெதுவா, மெதுவா" என்று சொல்வதை நிறுத்தி, "கொஞ்சம் மிதியேம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். மண்டபத்து வாசலில் பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேக்சாவின் மாவைக் கத்தியால் உடைத்து மூடியைத் தூக்கியபோது எழுந்த ஆவியில் மாமாவின் முகம் மறைந்தது. அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பந்தி முடிந்து நான் தேடியபோது மாமா வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் அதே கத்தி. ரேடியேட்டரில் வெந்து இறுகியிருந்த மாவை, தேக்சாவில் உடைக்கிற அதே மரியாதையோடு ஓரமாகக் கீறி எடுத்து, மாமியிடம் நீட்டினார். "இந்தா, உன் வண்டியோட தம். நல்லா புடிச்சிருக்கு." எடைக்கடைப் பேச்சு அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. அடுத்த வாரமே ரேடியேட்டரைக் கழற்றி, உள்குழாய்களை மாற்றினோம். கறிவேப்பிலைச் செடிக்குத்தான் நஷ்டம். அதற்கு மாமி தினமும் கையால் தண்ணீர் ஊற்றவேண்டியதாயிற்று.

இப்போது மாமி வாணியம்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. மாமா அங்கேயும் கல்யாணம் பிடித்துவிட்டார். வேனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலைக்குப் போகிறேன், சம்பளம் வாங்குகிறேன், புது வண்டிகளின் கணினித்திரைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கிழவண்டிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு என் மூளை சுறுசுறுப்பாகத் தெரிகிறது. சென்ற மாதம் ரேடியேட்டர் மறுபடியும் ஒரு மூலையில் வியர்க்க ஆரம்பித்தது. நானே கழற்றி, நானே பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மாமிக்குப் போன் செய்தேன். அவருக்கு ஜவ்வாது மலை மேல் வேனை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஒழுக்குக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழம போலாம் மாமி. போளூர் வழியா ஏறிடலாம். வளைவெல்லாம் நீங்கதான் ஓட்டணும்."

மாமி அதை அப்படியே மாமாவிடம் சொன்னார். பின்னால் மாமா, "ஏறுமாடி அது?" என்று கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் மாமியின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "ஏறும்னுதான் சொல்றா. ஏ இன்ஜினியரு, எதுக்கும் மைதா ஒரு பாக்கெட் எடுத்துக்கோ. மூடிய மட்டும் உங்க மாமா கையில குடுத்துடாத."

வாங்கி வைத்துவிட்டேன். ஸ்டியரிங்குக்கு முன்னால், அந்தப் பழைய துண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.