தூங்கிவிட்டேன் என்று எழுதிய தாள்

என் சான்றிதழ் ஃபைலில், டிகிரிக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவில், நான்காக மடித்த ஒரு கோடு போட்ட தாள் இருக்கிறது. நாலு மூலையிலும் குண்டூசி குத்திய ஓட்டை. ‘மதியம் சாப்பிட்ட பிறகு தூங்கிவிட்டேன். அதனால் போனை எடுக்கவில்லை. இனி இப்படி நடக்காது’ என்று நான் எழுதியது. கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே நைனாவின், என் அப்பாவின், கையெழுத்து. சாப்பிட்டதைத் தவிர அதில் ஒன்றுகூட உண்மையில்லை. பத்து வருஷமாக எந்த வீடு மாறினாலும் அதைக் கூடவே தூக்கிக்கொண்டு போனேன். ஆத்திரம் ஆறிவிடக் கூடாது என்றுதான்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடும் ஆபீஸ். அதுதான் என் முதல் வேலை. போனை எடுக்க வேண்டும், எந்த ஊர், எத்தனை ஏக்கர் என்று எழுதிக்கொள்ள வேண்டும், டிரைவருக்குச் சொல்ல வேண்டும். இன்டர்நெட்டில் ஓடும் போனை அப்போதுதான் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் மூலையில் ஒரு பச்சை விளக்கு. அது எரிந்தால் லைன் இருக்கிறது என்று அர்த்தம் என்றார் மேனேஜர். காலையிலும் சாயங்காலமும் மூச்சுவிட நேரமில்லாமல் அடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடங்கிப்போகும். கோட்டைப் பாறை கக்கும் அனலில் ஊரே படுத்திருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்தபடி அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் வல்லத்திலிருந்து ஒரு விவசாயி நனைந்த வேட்டியோடு வந்து கத்தினார். “மழை வருது, மெஷின் அனுப்புங்கன்னு நேத்து மத்தியானம் மூணு வாட்டி அடிச்சேன்யா. ரிங்கு போயினே இருக்குது, எடுக்க நாதியில்ல. நெல்லு பூரா தண்ணியில கெடக்குது.” மணி அடிக்கவே இல்லை சார் என்றேன். மேனேஜர் போனை எடுத்தார். அதிலிருந்து தன் செல்லுக்கு அடித்து, வைத்துவிட்டு, செல்லிலிருந்து திரும்ப அடித்தார். கூரை அதிர மணி அடித்தது. மூன்று தடவை அப்படிச் செய்தார், மூன்று தடவையும் அடித்தது. “இது அடிக்கலையா? சோறு துன்னதும் கண்ணு சொருகுது, இன்னா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தொண்டூரிலிருந்து நைனாவை வரவழைத்தார்கள். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே நின்றவர் காலில் மண்ணோடு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் கையெடுத்துக் கும்பிட்டு, “தூங்கிடுச்சி சார், சின்னப் பொண்ணு. வேலைய விட்டு மட்டும் எடுத்துடாதீங்க” என்றார். மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார். அந்தப் போகம் முடியும்வரை வந்தவர் போனவர் எல்லோரும் படித்தார்கள். வேலையை விட்ட அன்று அதைப் பிய்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு சென்னையில் ஓர் இன்டர்நெட் போன் கம்பெனியில் சேர்ந்தேன். போன்களுக்கும் எங்கள் சர்வருக்கும் இருக்கும் இணைப்பு அறுந்துபோகாமல் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. சேர்ந்த மாதமே விஷயம் விளங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில், போன் வைத்திருக்கும் ஆபீசில் ஓர் இன்டர்நெட் பெட்டி இருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் போகாமல் வராமல் இருந்தால் அது சத்தமில்லாமல் வழியை மூடிவிடும். போனுக்கு அது தெரியாது, பச்சை விளக்கு எரியும். சர்வருக்கும் தெரியாது, கூப்பிட்டவர் காதில் ரிங் போகும். மணி மட்டும் அடிக்காது. அந்தப் போனிலிருந்து யாராவது வெளியே ஒரு கால் போட்டால் வழி மறுபடி திறந்துகொள்ளும். அந்தப் பாவி மேனேஜர் ஒவ்வொரு தடவையும் முதலில் வெளியே அடித்துத்தான் சோதித்தார். அவர் கையாலேயே வழியைத் திறந்துவிட்டு என்னைப் பொய்க்காரி ஆக்கினார். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் தானாக ‘இருக்கேன்’ என்று ஒரு வெற்றுச் செய்தி அனுப்பும்படி வைத்திருந்தால் போதும். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் செஞ்சியிலிருந்து ஒரு புகார் வந்தது. அதே ஆபீஸ், அதே மேனேஜர், போன் மட்டும் புதுசு, எங்கள் கம்பெனியுடையது. மத்தியானத்தில் முதலாளி கூப்பிட்டிருக்கிறார், மேனேஜரே போன் முன்னால் உட்கார்ந்திருந்தும் எடுக்கவில்லை. நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மேனேஜருக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. “சத்தியமா மணி அடிக்கல மேடம். முழிச்சினுதான் குந்தினு இருந்தேன். மொதலாளி நம்ப மாட்டேங்கறாரு, தூங்கிட்டு வேஷம் போடறியான்றாரு” என்றார். அப்பா, என்ன இனிப்பு அந்தப் பேச்சு!

நான் போனை எடுத்து என் செல்லுக்கு அடித்தேன். வைத்துவிட்டு, செல்லிலிருந்து திரும்ப அடித்தேன். மணி அடித்தது. ஆபீசில் இருந்தவர்கள் கூடினார்கள். மூன்று தடவை செய்து காட்டினேன். “நல்லாத்தானே அடிக்குது? சோறு துன்னதும் கண்ணு சொருகுதா சார்?” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ... தொண்டூர் பொண்ணு.” அதே பொண்ணுதான் என்றேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்களையும் இதே மாதிரிதான் விரட்டினார் என்று வெகுநாளாக அங்கே இருக்கும் டைப்பிஸ்ட் அப்போதே போட்டு உடைத்தாள்.

பிறகு யாரும் போனைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். என் செல்லை ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. மேஜையில் பச்சை விளக்கு எரிந்தது, மணி அடிக்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த பழைய தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். “எழுதுங்க சார். அப்பறம்தான் மொதலாளிக்கு ரிப்போர்ட்டு.” ‘போன் அடிக்கவில்லை, இவர் தூங்கவில்லை, நான்தான் அநியாயமாகப் பழி போட்டேன்’ என்று எழுதினார். அந்த இரண்டு பெண்களின் பெயரையும் சேர்க்க வைத்தேன். அவர் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு எழுத்தையும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது.

அங்கிருந்து நேராகத் தொண்டூருக்குப் போய் நைனாவிடம் தாளை நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். “நீ பகல்ல தூங்கி நான் எப்ப பாத்தேன்? அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா” என்றார்.

“அப்பறம் இன்னாத்துக்கு நைனா கையெழுத்து போட்ட?”

“வேலை போய்டுமேன்னுதான்.”

அவர் தாளைத் திருப்பி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடிக்கப் போனார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். “வுடு நைனா. அது அப்படியே இருக்கட்டும்.”

தாள் மறுபடி அதே ஃபைலில்தான் இருக்கிறது. மேனேஜர் எழுதிய பக்கம் உள்ளே போகும்படி மடித்திருக்கிறேன். தாளைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது நைனாவின் கையெழுத்து.