ஒரு கார் விளையாட்டும் என் வலது சுட்டுவிரலும்

1. வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது என் வலது காலில் செருப்பு இல்லை. அது நடுவீதியில் கிடந்தது. கழன்றது காலுக்குத் தெரியவில்லை.

2. அடுத்த சில நாட்களில் அலுவலகப் படிகளைக் கைப்பிடி இல்லாமல் ஏற முடியவில்லை. சப்பாத்தில் பிழை என்று நினைத்தேன்.

3. நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் (ஒரு வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) கதவில் சாவியைத் திருப்ப முடியவில்லை. பூட்டில் பிழை என்று நினைத்தேன்.

4. ஒரு காலை கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. பிழை சொல்ல வேறு பொருள் மிச்சமிருக்கவில்லை.

5. மருத்துவமனையில் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். கில்லன்-பாரே நோய் (உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் சொந்த நரம்புகளின் உறையையே தாக்குவது) என்றார்கள்.

6. இம்யூனோகுளோபுலின் (பலருடைய குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) நாளத்தின் வழியாக ஏற்றினார்கள். கால்கள் மெல்லத் திரும்பி வந்தன. கைகள் பின்தங்கின.

7. கொட்டாஞ்சேனையில் அண்ணாவின் வீட்டில் இருந்தபடி, வீடியோ விளையாட்டு ஒன்றில் கார் ஓட்டத் தொடங்கினேன்.

என் மருத்துவக் கோப்பைப் பார்ப்பவர்கள் ஆறாவதோடு நிறுத்திவிடுவார்கள். ஏழாவது இல்லாமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது. அது எனக்கு உதவியதா, என்னை ஏமாற்றியதா என்பதைத்தான் இதில் சொல்லப் பார்க்கிறேன். இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு அது பயன்படலாம்.

நான் மென்பொருள் சோதிப்பவள். பிறர் எழுதிய நிரலில் பிழை தேடுவதே என் தொழில். ஒரு பகுதி சரியாக வேலை செய்கிறது என்று யாராவது உறுதியாகச் சொன்னால், முதலில் அங்கேதான் தட்டிப் பார்ப்பேன். நோயாளியான பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

அதற்குத் தீனியும் கிடைத்தது. வார்டில் இருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் அம்மா நரம்பியல் டொக்டரிடம் தாழ்ந்த குரலில் கதைப்பது கேட்டது.

"டொக்டர், அவளுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். பயந்திடுவாள்."

"அம்மா, அவ சின்னப் பிள்ளை இல்லை. அவவின்ர நரம்பு. அவக்குத்தான் முதல்ல சொல்லவேணும்."

அம்மா திரையை விலக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். "எல்லாம் ஓகே எண்டு டொக்டர் சொன்னவ."

அன்றிலிருந்து என்னிடம் சொல்லப்பட்ட நல்ல சொற்கள் எதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பாதத்தை ஓர் அங்குலம் தூக்கியதற்கு இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) "சூப்பர்!" என்றபோது, இது எல்லா நோயாளிகளுக்கும் சொல்லும் சூப்பரா, எனக்கு மட்டுமான சூப்பரா என்று கேட்டேன். அவர் மற்றப் பாதத்தைப் பிடித்தார்.

அண்ணாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கொள்கலன்களைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுக்கும் ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞர். மணமாகவில்லை. அவரும் அம்மாவும் வசிக்கும் வீட்டுக்குத்தான் என்னைக் கொண்டுவந்தார்கள். வந்த முதல் வாரம் நான் சோஃபாவில் சாய்ந்து கூரையில் இருந்த கசிவுக் கறையைப் பார்த்தபடி கிடந்தேன். ஒருநாள் அவர் தன் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் கொன்ட்ரோலரை (இரு கையாலும் பிடித்து விளையாடும் கருவி) கொண்டுவந்து என் மடியில் வைத்தார். என்னை நங்கி (சிங்களத்தில் தங்கை) என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கி, கூரை எங்கையும் ஓடாது. இதைப் பிடி."

"எனக்கு உதெல்லாம் பிடிக்காது அண்ணா."

"உனக்குப் பிழையைத் தவிர வேற என்னதான் பிடிச்சிருக்கு?"

இடது பெருவிரலால் திருப்ப வேண்டும். வலது சுட்டுவிரலால் ஒரு விசையை அழுத்தினால் கார் ஓடும். அந்த விசை, விரல் எவ்வளவு ஆழம் அழுத்துகிறது என்பதை அளக்கும். பாதி அழுத்தினால் பாதி வேகம், முழுதும் அழுத்தினால் முழு வேகம். எனக்கு அது உடனே பிடித்துப்போனது. விளையாட்டு அல்ல, அந்த அளவு. என் பலவீனமான விரலுக்கு யாருடைய இரக்கமும் கலக்காத ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மற்ற எதையும் நான் நம்பவில்லை. அது ஒரு பெரிய கற்பனை நாடு. மலை, கடற்கரை, வயல், சிறு நகரங்கள், எங்கும் வீதிகள். வேலியை உடைத்தால் புள்ளி தருகிறது. எதிரே வரும் வாகனத்தில் மயிரிழையில் மோதாமல் தப்பினால் புள்ளி. ஆற்றில் விழுந்தால் துடைத்துக் கரையில் விடுகிறது. எதைச் செய்தாலும் பாராட்டும் இடத்தில் பாராட்டுக்கு என்ன பெறுமதி? யாரோ ஓர் அறையில் இருந்துகொண்டு, நான் எழும்பிப் போகாமல் இருக்க எவ்வளவு மகிழ்ச்சி தேவை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு வேறு கவலை.

"உந்த ரோட்டுக்கரையில நிக்கிற ஆக்களை இடிச்சுப்போடாத."

"இடிக்க ஏலாது அம்மா. எப்படிப் போனாலும் விலகிடுவாங்கள்."

"அப்ப நல்ல ஊர்தான்."

நல்ல ஊராகத்தான் இருந்தது. பந்தயங்களில் எப்போதும் கடைசியாக வந்தேன். ஆனால் அந்த நாட்டின் வரைபடத்தில், போகாத வீதிகள் சாம்பல் நிறத்திலும் போனவை வெள்ளையாகவும் தெரியும் என்பதைக் கண்டுபிடித்தேன். எல்லா வீதியையும் வெள்ளையாக்குவது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்காத வேலை. ஆனால் காலையில் கண் விழிக்கும்போது, இன்று தெற்குக் கரையோரத்தை முடிக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது. நோய் வந்த பிறகு, 'இன்று' என்ற சொல்லோடு கழிவறையும் மாத்திரையும் தவிர வேறொன்று ஒட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

உண்மையில் எனக்கு அப்போது இருந்த வழி ஒன்றுதான்: கட்டில், கழிவறை, கிளினிக். விளையாட்டிலோ, ஒரு சந்தியில் நின்று இடமா வலமா என்று யோசிக்கலாம். பிழையான பக்கம் திரும்பினாலும் ஒரு வீதி வெள்ளையாகும்.

பிறகு பந்தயங்களிலும் முன்னேறினேன். கடைசியிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து முன்னுக்கு. முதல் தடவை வென்றபோது சத்தமாகச் சிரித்தேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்தார். என் விரல் தேறுகிறது என்பதற்கு எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் என் முழங்கால்களைத் தட்டிப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொல்லி எதிராக அழுத்தினார். வித்தியாசம் அவருக்குத் தெளிவாகப் பிடிபடவில்லை.

"போன முறையைவிட கைப் பலம் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? எனக்கு இது முக்கியம். இந்த நோய் ஒருமுறை அடிச்சிட்டுப் போற வகையும் இருக்கு, திரும்பத் திரும்ப வாற வகையும் இருக்கு. ரெண்டு மாசம் தாண்டியும் பலம் குறைஞ்சுகொண்டு போனால் அது மற்ற வகை. மருந்து வேற."

"கூடியிருக்கு டொக்டர். நல்லாவே கூடியிருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயம். அளந்து பார்த்தனான்."

டொக்டர் அடுத்த சந்திப்பைத் தள்ளிப் போட்டார்.

இயன்மருத்துவர் தந்த பயிற்சிகளில் ஒன்று, உடுப்புக் காயப்போடும் கிளிப்பைச் சுட்டுவிரலாலும் பெருவிரலாலும் திறப்பது. ஒரு காலை என்னால் அதைத் திறக்க முடியவில்லை. முந்திய வாரம் திறந்திருந்தேன்.

"அம்மா, புதுக் கிளிப் வாங்கினீங்களா?"

"இல்லையே. அதே கிளிப்தான்."

வெயிலில் இறுகிவிட்டதோ என்று வேறொன்றை எடுத்தேன். அதுவும் திறக்கவில்லை. ஆனால் முந்திய பின்னேரம்தான் ஒரு பந்தயத்தை முழு வேகத்தில் வென்றிருந்தேன். ஒரே விரலை இரண்டு கருவிகள் அளக்கின்றன, இரண்டும் வெவ்வேறு விடை தருகின்றன. என் தொழிலில் இதற்கு ஒரே பொருள்தான்: ஒன்று பொய் சொல்கிறது. கிளிப் பொய் சொல்லும் அளவுக்குச் சிக்கலான பொருள் அல்ல.

விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதுவரை நான் அங்கே போனதே இல்லை. எல்லாவற்றையும் சந்தேகித்தவள், எனக்குப் பிடித்துப்போன அந்த அளவை மட்டும் சோதிக்கவில்லை. விசையைச் சிறிதளவு தொட்டாலே முழுதாக அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும்படி அது மாற்றப்பட்டிருந்தது. பிரேக்கையும் கார் தானே பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணா வேலையால் வரும்வரை காத்திருந்தேன்.

"செட்டிங்ஸை ஆர் மாத்தினது?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான்தான் சொன்னனான். ஒவ்வொருமுறையும் கடைசியா வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாய். பாக்க ஏலாமல் இருந்தது. பிறகு நீ சிரிச்சாய். எவ்வளவு காலத்துக்குப் பிறகு சிரிச்சாய் தெரியுமா?"

"அழுத்தவேண்டிய அளவை நான் முதல்ல கொஞ்சம்தான் குறைச்சனான்," என்றார் அண்ணா. "பிறகு நீ திரும்பத் தோக்கத் தொடங்கினாய். இன்னும் கொஞ்சம் குறைச்சன்."

நான் கத்தத் தயாராக இருந்தேன். ஆனால் அவருடைய இரண்டாவது வாக்கியம் என்னை நிறுத்திவிட்டது.

"எத்தனை தரம் குறைச்சீங்க?"

"மூண்டு தரம் இருக்கும்."

"கடைசியா எப்ப?"

"போன கிழமை. ஏன்டி?"

அவர் நல்ல மனதோடு ஒவ்வொரு தடவையும் குறைத்த அளவு என் விரலின் வீழ்ச்சியைத்தான் காட்டியது. நான் அளந்ததாக டொக்டரிடம் சொன்னேன். உண்மையில் அளந்தவர் அண்ணா. அளக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, வரைபடத்தின் மலைப்பாதை ஒன்றுக்குக் காரைக் கொண்டுபோனேன். விரலால் முடிந்த மட்டும் அழுத்தினேன். கார் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்குவதுபோல் தவழ்ந்து, நின்று, மெல்லப் பின்னோக்கி வந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போய்விட்டார்.

சந்திப்பு வரும்வரை காத்திருக்காமல் அடுத்த கிளினிக் நாளே போனோம். அண்ணா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். டொக்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அண்ணாவின் பக்கம் கதிரையைத் திருப்பினார்.

"நீங்க குறைச்சதை ஒருமுறையாவது ஏத்தினீங்களா?"

"இல்லை டொக்டர். குறைச்சது மட்டும்தான்." அண்ணாவின் குரல், சுங்க அதிகாரி முன்னால் நிற்கும் குரலாகிவிட்டது. "நான் கூடாத வேலை செய்துபோட்டனா?"

"செய்தீங்க. ஆனா இப்ப சொல்லிட்டீங்களே." பிறகு என்னிடம்: "கேமை நான் ஃபைல்ல எழுத ஏலாது. கையை எழுதலாம். வாங்கோ."

நரம்புக் கடத்தல் பரிசோதனை (சிறு மின் அதிர்வு கொடுத்து, நரம்பு செய்தி கொண்டுபோகும் வேகத்தை அளப்பது) மறுபடி செய்தார்கள். வார்டில் இருந்தபோது முதலில் செய்ததைவிட வேகம் குறைந்திருந்தது. இது நோயின் நாள்பட்ட வடிவம் என்றார் டொக்டர். நரம்பின் உறை உரிந்து, வளர்ந்து, திரும்ப உரியும் வகை. மறுபடி இம்யூனோகுளோபுலின், அதோடு ஸ்டீரொயிட் மாத்திரைகள் (தாக்குதலை அடக்குபவை). இன்னும் சில மாதம் தாமதித்திருந்தால், உறையோடு உள்ளே இருக்கும் நரம்பும் பட்டுப்போயிருக்கலாம். அது பிறகு எளிதில் வளராது.

உங்கள் வீட்டிலும் அன்பானவர்கள் இருப்பார்கள். தேநீர்க் கோப்பையை அரைவாசி மட்டும் நிரப்பித் தருவார்கள். போத்தல் மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைப்பார்கள். நீங்கள் தேறிவிட்டதாக நினைப்பீர்கள். கோபிக்க வேண்டாம். ஆனால் கேளுங்கள்: எனக்காக எதை இலகுவாக்கி வைத்திருக்கிறீர்கள், போன மாதத்தைவிடக் கூடுதலாக இலகுவாக்க வேண்டி இருந்ததா? அந்தப் பதிலை டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

அந்தச் சிரிப்பு பொய்யா என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. வெற்றி பொய். அதனால் வந்த மகிழ்ச்சியும் போலியாகத்தானே இருக்க வேண்டும்? சோதித்துப் பார்த்தேன். எந்த உதவியும் இல்லாமல், அந்த நாட்டில் கிடைக்கும் மிக மெதுவான பழைய வேன் ஒன்றை எடுத்துச் சமதரையில் மட்டும் ஓட்டினேன். பந்தயம் இல்லை. வயல்களுக்கு நடுவே ஒரு மண்பாதை வெள்ளையானது. மகிழ்ச்சி வந்தது. மறுநாளும் வந்தது. விரல் சோர்ந்த நாட்களிலும் வந்தது. இன்னும் சில சூழ்நிலைகளில் பார்க்க வேண்டும். ஆனால் இதுவரை பிழை எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

உடலைப் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது. முன்பு அது நான். இப்போது அது எனக்கு அறிக்கை அனுப்பும் ஓர் இடம். அறிக்கைகள் தாமதமாக வரும், சில வேளை பிழையாகவும் வரும். காலமும் மாறிவிட்டது. மாதங்கள் இல்லை. மருந்து ஏறிய பிறகு வரும் நல்ல நாட்கள், பிறகு விரல் நுனியில் தொடங்கும் விறைப்பு, பிறகு மறுபடி மருந்து. அலைபோல. அதற்குள்தான் வேலை, குளியல், பூசை எல்லாம்.

இப்போதைய நிலை இது. வெள்ளவத்தை அனெக்ஸுக்குத் திரும்பிவிட்டேன். அரைநாள் வேலை செய்கிறேன். வலது கை இடது கையைவிடப் பலம் குறைவு. சில வாரங்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள், மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். இது எப்போதாவது முற்றாக நிற்குமா என்று போன தடவை டொக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அதை நம்புகிறேன்.