சத்தம் போடும் கீபோர்டு

கீபோர்டு, மவுஸ் வாங்க மனைவியையும் கூட்டிக்கொண்டு போனதுதான் வம்பாகப் போயிற்று. ராசிபுரத்திலிருந்து சேலம் போய் வருவது அப்போது எனக்குப் பெரிய காரியமாக இல்லை. கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க என் வலது கை உதவாது என்பதை அவள் கவனித்திருந்தாள். "நானும் வாரேங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

நான் சேலைக்கு பார்டர் டிசைன் போடுகிறவன். தறி வைத்திருப்பவர்கள் கேட்கிற மாங்காயையும் மயிலையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கட்டம் பிசகினால் நெய்து வருகிற சேலை எல்லாமே பிசகும். வெகுகாலம் மவுஸில்தான் வேலை செய்தேன். வலது கை விரல்கள் தளர ஆரம்பித்ததும் இடது கைக்கு மாறிக்கொண்டேன். அம்புக்குறி பட்டனால் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து போவேன். நிறம் வேண்டிய இடம் வந்ததும் ஸ்பேஸ் பட்டனைத் தட்டுவேன். நத்தை வேலைதான், ஆனால் வேலை நடந்தது.

என்ன வியாதி என்று எனக்குத் தெரியும். சேலத்து டாக்டர் அவள் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில் சொல்லிவிட்டார். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு, கடைசியில் மூச்சு. நிறுத்த மருந்து கிடையாது. "கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க" என்றார். யாரும் வரவில்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். வெளியே வந்து அவளிடம் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றேன். எங்கள் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களும் போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் போகிறவர்களும் கழுத்தில் பட்டையோடு அலைவது சகஜம். அவளும் தலையாட்டினாள். எவ்வளவு நாள் மறைக்க முடியுமோ அவ்வளவு நாள் மறைப்பது என்று அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்துவிட்டேன். அவள் முகத்தில் அந்தச் செய்தியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது.

கொஞ்ச நாளில் தலையும் கனக்க ஆரம்பித்தது. மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. சாய்வு நாற்காலியில் படுத்த மாதிரி உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கீபோர்டை வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. பழைய கீபோர்டின் வயர் அவ்வளவு தூரம் எட்டாது. வயர் இல்லாததுதான் வேண்டும். உண்மையில் கீபோர்டு மட்டும் போதும். ஆனால் மவுஸ் இல்லாமல் வாங்கினால் வலது கை முடிந்துவிட்டது என்று நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகும். அதனால் செட்டாகவே வாங்குவதென்று கிளம்பினேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பொறுமைசாலி. ஒவ்வொரு செட்டாகப் பிரித்து, விரல் நகம் அளவு இருக்கிற ரிசீவரைக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகி, "தட்டிப் பாருங்க சார்" என்று நீட்டினாள். மூன்றாவதாக வந்தது தட்டையான கீபோர்டு. பட்டன்கள் உயரமே இல்லை. இடது ஆள்காட்டி விரலைச் சும்மா வைத்தேன், எழுத்து வந்துவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி வந்தது. கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிடுவேன் போல இருந்தது. இந்தப் பட்டன்கள் இருந்தால் இன்னும் ஆறு மாதமாவது வேலை செய்யலாம் என்று மனம் கணக்குப் போட்டது.

"இது சைலண்ட் மாடலுங்க சார். பக்கத்துல தூங்குறவங்களுக்குக்கூடத் தொந்தரவு இருக்காது" என்றாள் அந்தப் பெண்.

என் மனைவி அதைக் கையில் வாங்கி, துணியில் முடிச்சு தேடுகிறவள் மாதிரி இரண்டு கட்டைவிரலாலும் தடவிப் பார்த்தாள். "சத்தமே வர்லீங்களே" என்றாள்.

"அதுதாங்க்கா இதோட விசேஷம்."

"சத்தம் போடுறது ஒண்ணு காட்டுங்க."

கடைப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். கல்யாணம் ஆகும்வரை தறி ஓட்டியவள். எங்கள் ஊரில் தறிச் சத்தத்தில் யாருக்கும் தூக்கம் கெடாது. கரண்டு போய்ச் சத்தம் நின்றால்தான் தெருவே எழுந்து உட்காரும். ஓடுகிற எதுவும் சத்தம் போட வேண்டும், சத்தம் நின்றால் ஏதோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். இது அவர்கள் எல்லோருக்கும் உடம்பில் ஊறியது. அந்தப் புத்தியைக் கம்ப்யூட்டர் கடைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் கடுகடுத்தேன்.

உயரமான பட்டன்கள் வைத்த ஒரு செட் வந்தது. அவள் தட்டியபோது கடை முழுக்கக் கேட்டது. "இது நல்லாருக்குதுங்க. நீங்க தட்டிப் பாருங்க" என்று என் முன்னால் வைத்தாள். விரலை வைத்து அழுத்தினேன். விரல் மடங்கியது, பட்டன் இறங்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையைத் தூக்கி, கை மொத்தத்தின் கனத்தையும் அந்த விரலில் இறக்கினேன். எழுத்து வந்தது.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

லேசான பட்டன்தான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் லேசானது என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். எல்லாம் அவிழ்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் அவள்மேலா, கைமேலா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

வீட்டில் அவள் முன்னறையில் உட்கார்ந்து, நெய்து வந்த சேலைகளுக்குப் பிசிறு வெட்டி மடித்து வைப்பாள். நான் உள்ளறையில். நடுவில் ஒரு சுவர், கதவில்லாத வாசல். கொஞ்ச காலம் கை கனத்தை இறக்கி இறக்கி அந்தக் கீபோர்டோடு மல்லுக்கட்டினேன். அம்புக்குறி பட்டன்கள் சின்னவை. கைக்கனத்தை இறக்கினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்கும். ஒரு மயிலுக்குக் கழுத்து இரண்டாகப் பிளந்து போயிற்று. அன்றைக்கே குமாரபாளையத்தில் இதே தொழில் செய்கிற நண்பனுக்குப் போன் போட்டு, இனி என் வேலைகளை எல்லாம் அவனே செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னேன்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒரே வேலைதான். மவுஸின் மேல் வலது கையை எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையை முஷ்டியாக்கி ஸ்பேஸ் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் அகலமான பட்டன். முஷ்டிக்கு அகப்பட்டது. டக், டக் என்று முன்னறைக்குக் கேட்கும். அவள் நிம்மதியாகப் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். திரையில் ஒன்றும் நடக்காது. பல நாள் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, விட்டு விட்டு, வேலை செய்கிறவன் யோசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தட்டப் பழகிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு கேவலமான பெருமைகூட இருந்தது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்டு நிறுத்துகிற நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு அதை மறந்து போனேன். கண் மூடி இருந்ததால் திரை அணைந்ததும் தெரியவில்லை. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றதைக் காது வாங்கியது, புத்தி வாங்கவில்லை. ஊரே அடங்கிப் போய், என் பட்டன் சத்தம் ஒன்று மட்டும் தனியாகக் கேட்டபோதுதான் கண்ணைத் திறந்தேன். கரண்டு இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?" என்று முன்னறையிலிருந்து கேட்டாள்.

அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசமா ஒரே பட்டன் சத்தந்தான் வருதுங்க. அம்புக்குறி சத்தம் வேற, இது வேற."

"எனக்குக் கழுத்துதான் புள்ள..."

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேக்க மறுக்கா உள்ள போனேன்ல, அப்பவே டாக்டர் அல்லாஞ் சொல்லிட்டாருங்க."

தலையை அவள் பக்கம் திருப்ப முடியவில்லை. அவள் குரல் சீராகத்தான் இருந்தது.

"நீங்க மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. மறைக்கட்டும்னு உட்டுட்டேன். ஆனா கை எந்தளவுக்கு இருக்குதுன்னு எனக்குத் தெரியோணுமில்லீங்க. உள்ள வந்து வந்து பார்த்தா நீங்க கண்டுபிடிச்சுருவீங்க. அதுக்குத்தான் சத்தம் போடுறதா எடுத்தேன். அங்க இருந்தே கேட்டுக்கலாம்னு." மடியிலிருந்த கீபோர்டின் ஓரத்தைத் தொட்டாள். "அது அமுக்கக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா அந்தச் சத்தமில்லாததையே எடுத்திருப்பேன்."

"பரவால்ல புள்ள."

"இப்ப மாத்துனா ஆகுங்களா?"

"இல்ல. இப்ப அதும் ஆகாது."

சேலையின் முனையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எழுந்தாள். தலையணையிலிருந்து நழுவிக் கிடந்த என் கையை எடுத்து, பட்டனின் மேல் அவளே வைத்தாள்.

"தட்டுங்க" என்றாள். "ஒண்ணும் வர்லைன்னாப் பரவால்லீங்க. சத்தம் கேட்டாத்தான் எனக்கு அங்க கை ஓடுது."

போய் உட்கார்ந்துகொண்டாள். நான் தட்டினேன். ஊரில் வேறு சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கத்தரி வெட்டுவது கேட்டது, பிறகு நின்றது. பிறகு வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. அது எனக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று, முடிந்தவரை கையைத் தூக்கி இன்னும் ஓங்கித் தட்டினேன்.