மெம்பர் வீட்டு வெற்றிலை

என் வீட்டுக்காரருக்கு ஓர் ஓட்டு இருந்தது. எனக்கு இல்லை, எங்கள் தெருவில் வேறு யாருக்குமே இல்லை. வெள்ளைக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில் சென்னப்பட்டணத்துச் சட்டசபைக்கு ஊர் ஜனங்கள் ஓட்டுப் போடுவது கிடையாது. தாலுகா போர்டு, ஜில்லா போர்டு மெம்பர்கள் சேர்ந்து ஓர் ஆளைப் பொறுக்கி அனுப்புவார்கள். எங்கள் ஜில்லாவோடு பக்கத்து ஜில்லாவையும் சேர்த்து ஒரே ஓர் ஆள். ஓட்டு உள்ளவர்களை எல்லாம் இலை போட்டு உட்கார வைத்தால் ஒரு கல்யாணப் பந்திகூட நிறையாது. அத்தனை ஜனத்துக்காகவும் வாய் திறக்கப் போகிறவரை இந்த அரைப் பந்தி ஆட்கள்தான் தீர்மானித்தார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

சட்டசபையில் இருந்த மெம்பர் உடம்புக்கு முடியாமல் விலகிவிட, நடுவில் வந்த தேர்தல் அது. அதுவரை எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்காதவர்களெல்லாம் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் தாலுகா போர்டில் மெம்பர். தங்கமான மனிதர், ஆனால் 'முடியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. வந்தவர்களை உட்கார வைத்துப் பேசி, 'பார்ப்போம், பார்ப்போம்' என்று சொல்லி அனுப்புவார். காபி போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ந்தது.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பாளையங்கோட்டை வக்கீல். இன்னொருவர் ஆற்றோரம் நிறைய வயல் உள்ள ஒரு மிராசுதார், எங்களுக்குச் சுற்றுவழியில் சொந்தம். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் வாய் திறக்க மாட்டார். வக்கீல் அப்படி இல்லை. தாலுகாவுக்கு ஒரு பெண் டாக்டரோ, படித்த நர்ஸோ வேண்டும் என்று சட்டசபையில் கேட்பேன் என எங்கள் வீட்டில் வைத்தே சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட என்னைப் பொறுத்தவரை, எங்கள் வீட்டு ஓட்டு அந்த நிமிஷமே அவருக்கு விழுந்துவிட்டது.

காரணம் என் தங்கை. அவளை முக்கூடலில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் தாய்வீட்டுக்கு வந்தாள். வலி கண்டு, பிள்ளை திரும்பாமல், ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், ஆனால் ஆண். அவரை உள்ளே விடுவதா என்று எங்கள் வீட்டு ஆண்கள் வாசலில் நின்று பேசினார்கள். மரியாதையாக, நியாயமாக, ரொம்ப நேரம் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் பிள்ளை உயிரில்லாமல் பிறந்துவிட்டது. அவள் பிழைத்ததே பெரிசு. இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டில்தான். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் சொல்லியனுப்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் மிராசுதார் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் வீட்டுக்காரர் போய்விட்டு, மத்தியானம் திரும்பி வந்து, துண்டை உதறிக்கொண்டே நின்றார். ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன செஞ்சிட்டு வந்தியன்னு சொல்லுங்க" என்றேன்.

"அவரே தட்டைத் தூக்கிட்டு வந்துட்டாரு. 'அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கம்தான'ன்னு கேட்டு வெத்தலையை நீட்டுதாரு. சபையில எல்லாரும் பாக்காவ. நான் என்ன செய்ய?"

"வாங்கிட்டியளா?"

"வாங்கிட்டேன்."

எங்கள் பக்கத்தில் ஒன்றைக் கேட்டு வெற்றிலை நீட்டி, அதை வாங்கிவிட்டால் முடிந்தது. பெண்ணைக் கேட்டாலும் சரி, நிலத்தைக் கேட்டாலும் சரி, பிறகு எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஓட்டு என்ற சாமானே புதிது; அதையும் இவர்கள் இந்த வழக்கத்துக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

"விசேஷ வீட்டுக்குப் போனா எல்லாருக்கும்தான் வெத்தலை குடுப்பாவ. அது காதுகுத்து வெத்தலை. போயி வக்கீலுக்கே போடுங்க" என்றேன்.

"கேட்டுக் குடுத்தாரு, வாங்கினேன். இனிமே மாத்திப் பேசினா நான் மனுஷனா?"

"உங்க மனுஷத்தனத்துக்கு எந் தங்கச்சி உசுரைக் குடுக்கணுமாக்கும்!"

அவர் முகம் வாடிப்போய் உள்ளே போய் உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் கொண்டுவந்த வெற்றிலையைத் தாம்பாளத்தில் வைத்து மூடினேன். மறுநாள் காலையில் வண்டி கட்டச் சொல்லி மிராசுதார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அந்த வீட்டோடு உறவை அறுப்பது. போனால் போகட்டும் என்றுதான் போனேன்.

மிராசுதார் சம்சாரம் எனக்கு மதினி முறை. கனத்த உடம்பு, பைய நடப்பாள், பேச்சு மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. காதுகுத்துக்குப் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் தாம்பாளத்தையும் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"உள்ள வா. அங்கன நின்னு ஊருக்குக் காட்டாத" என்றாள்.

உள்ளே போனதும் எனக்குக் கோபத்துக்குப் பதிலாக அழுகை வந்து தொலைத்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். தங்கை, செத்துப் பிறந்த பிள்ளை, வக்கீல் சொன்னது, எங்கள் வீட்டுக்காரர் வாங்கின வெற்றிலை எல்லாம். அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"இதைத் திருப்பி வாங்கிக்கிட்டா எங்க வீட்டு அவுக முகத்தை எங்க கொண்டுபோய் வைப்பாவ? உன் வீட்டுக்காரருக்கும் தலைகுனிவு. எங்க ஒறவும் போச்சு, உனக்கு ஒரு லாபமும் இல்ல" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு என்ன வேணும்? வக்கீலா வேணும், நர்ஸா வேணும்?" என்று கேட்டாள்.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நர்ஸுதான்" என்றேன்.

"அப்போ அதைக் கேட்டு எனக்கு வெத்தலை குடு."

அவள் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, கொழுந்தாகப் பார்த்து எடுத்து, பாக்கும் சேர்த்து என் கையிலேயே வைத்தாள். நான் நர்ஸைக் கேட்டு அதை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முன்கட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்திருந்த மிராசுதார் எட்டிப் பார்த்து, "என்ன, உள்ளயும் ஒரு எலெக்ஷன் நடக்குதோ?" என்று சிரித்தார்.

"ஆமா. நான் ஜெயிச்சிட்டேன். நீங்க போயி நர்ஸு கேக்கணும்" என்றாள் மதினி. மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டு ஓட்டு மிராசுதாருக்கே விழுந்தது. அவர்தான் ஜெயித்தார். வக்கீலின் சிநேகிதர்கள் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர் அதையும் பொறுத்துக்கொண்டார். நான்தான் அவர்களை மனசுக்குள் வைதேன்.

சட்டசபையில் இங்கிலீஷில் பேச வேண்டும். மிராசுதாருக்கு அது அவ்வளவாக ஓடாது. என்ன செய்தார் தெரியுமோ? தன்னிடம் தோற்ற வக்கீல் வீட்டுக்கே போய், கேள்வியை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். அவரும் பெரிய மனசாக எழுதிக் கொடுத்தார். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு சேரன்மாதேவியில் ரயிலேறினார். திரும்பி வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கேட்டுட்டேம்மா. நிதி நிலைமைக்குத் தக்கபடி கவனிக்கப்படும்னு பதில் சொல்லிட்டாவ" என்றார்.

பாவம், அவருக்கே வெட்கமாக இருந்தது. நான் மோர் கொடுத்து அனுப்பினேன். என் தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். நிதி நிலைமைக்காக அவள் வயிறு காத்திருக்குமா?

அடுத்த நாள் மதினி ஆள் விட்டிருந்தாள். போனேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"கேட்டாச்சுன்னு வந்து நிக்காவ. நான் வெத்தலை வாங்கினது கேக்குததுக்கா? ஆளு வரணும்னுதான வாங்கினேன்!" என்றாள்.

வீட்டில் அவள் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. ஐப்பசி பிறக்கும் முன் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து அவர்கள் வீட்டு மச்சில் குடியிருந்தாள். சம்பளம் மிராசுதார் கையிலிருந்து. கறுப்பாக, ஒல்லியாக, அதிகம் சிரிக்காத கிறிஸ்தவப் பெண்; எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரப் பெண். அக்கம்பக்கத்துப் பிரசவம் எதற்குக் கூப்பிட்டாலும் போனாள்.

கார்த்திகையில் முக்கூடலிலிருந்து ஆள் வந்தது. தங்கைக்கு விடியலிலேயே வலி கண்டிருந்தது. முக்கூடல் எங்களுக்கு அக்கரை; ஆற்றில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நேரம். நானும் நர்ஸும் தோணி ஏறப் போனால், மதினி அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "நீ எதுக்கு மதினி?" என்றேன். "வேலை இருக்கு" என்றாள்.

என்ன வேலை என்று வாசலில்தான் தெரிந்தது. தங்கையின் மாமியார் நர்ஸைப் பார்த்ததும் நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டாள். "வேதக்காரப் பொண்ணு எங்க பிரசவ அறைக்குள்ள வரக்கூடாது" என்றாள். வீட்டு ஆண்கள் திரும்பவும் முற்றத்தில் நின்று பேச ஆரம்பித்தார்கள். இதே பேச்சு, இதே நிற்பு. உள்ளேயிருந்து தங்கையின் முனகல் கேட்டது.

மதினி மூச்சு வாங்கிக்கொண்டே படியேறினாள்.

"இந்தா, நான் மெம்பர் வீட்டுக்காரி. இந்தப் பொண்ணு கையால இதுக்குள்ள எத்தனையோ பிள்ளை பொறந்தாச்சு. அந்த வீட்டுல எல்லாம் இப்பமும் சாமி கும்பிடத்தான் செய்யுதாவ. பிறகு தீட்டுக் கழிக்கணும்னா கழிச்சுக்கிடுங்க, நானே வந்து வீட்டைக் கழுவித் தாரேன். இப்பம் கையை எடுங்க" என்றாள். மாமியார் அசையவில்லை. மதினி அவள் கையைப் பிடித்து, முரட்டுத்தனமாக அல்ல, பைய இறக்கிவிட்டாள். நர்ஸ் உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே நுழைந்தேன்.

உச்சிப்பொழுது ஆயிற்று. இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடந்தது. நர்ஸ் கை கழுவினாள், திருப்பினாள், மறுபடி கழுவினாள். நான் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எந்தச் சாமியைக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

பெண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் அதைத் துடைத்து என் பக்கம் நீட்டினாள். தங்கை கண்ணைத் திறக்கவே இல்லை. இமையை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைத் தடவிப் பிடித்தாள்.

"அக்கா, பிள்ளை அழுதாளா?"

அறை அதிர அழுதுகொண்டிருந்தாள். வாசலில் நின்ற ஆண்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"ஏட்டி, உனக்குக் கேக்கலையா?" என்றேன்.

"கேக்குது. நீ சொல்லு" என்றாள்.

"அழுதா" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.